நூல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், தயார் நிலையில் வரும் பாகங்களை, அதாவது பிரீகாஸ்ட் என்கிற முன்கூட்டியே வார்த்த காங்கிரீட் பலகைகளையோ இரும்புச் சட்டங்களையோ கோத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம் கட்டுவதைப் பற்றி நாலே நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் கட்டடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அதைக் கட்டப்போகிற ஆட்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: நான் இருபத்திரண்டு வருஷமாகக் கொத்தனார் வேலை செய்கிறேன். எங்கள் ஒன்றியப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை பிரீகாஸ்ட்டில் வருகிறதாம். சுவரே லாரியில் வந்து இறங்குமாம். அப்படியென்றால் கரண்டி பிடிக்கிற எங்களுக்கு அங்கே என்ன வேலை சார்? (சங்கராபுரம்)

பதில்: மழுப்பாமல் சொல்கிறேன் மேஸ்திரி. செங்கல் வைக்கிற வேலையும் பூச்சு வேலையும் அந்த இரண்டு வகுப்பறையில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அஸ்திவாரம் லாரியில் வராது. அதை உங்கள் ஊர் மண்ணில், உங்கள் ஊர் ஆள்தான் போட்டாக வேண்டும். அந்த வேலை முன்பைவிடக் கஷ்டமான வேலையாக மாறிவிட்டது என்பதை ஒப்பந்ததாரர்களே பல பேர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

ஏன் கஷ்டம்? செங்கல் கட்டில் ஒரு வசதி உண்டு, உங்களுக்கே தெரியும். அடித்தளத்தில் அரை அங்குலம் ஏறி இறங்கினால் முதல் வரிசைக்குக் கீழே கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். சுவர் கொஞ்சம் சாய்ந்தால் பூச்சில் மறைத்துவிடலாம். தப்பைத் தின்று செரிக்கிற சக்தி கலவைக்கு இருக்கிறது. தொழிற்சாலையில் வார்த்த பலகைக்கோ இரும்புத் தூணுக்கோ அந்தச் சக்தி கிடையாது. அது வரைபடத்தில் இருக்கிற இடத்தில்தான் உட்காரும், இல்லாவிட்டால் உட்காரவே உட்காராது.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் இரும்புச் சட்ட வகுப்பறை வேலை. பன்னிரண்டு தூண், தூணுக்கு நாலு ஆங்கர் போல்ட் (அஸ்திவாரத்தில் நட்டுத் தூணைப் பிடித்து வைக்கிற போல்ட்), மொத்தம் நாற்பத்தெட்டு. அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி நல்ல கைக்காரர், ஆனால் அவர் டேப் அடி அங்குலத்தில், நான் கொடுத்த வரைபடம் மில்லிமீட்டரில். அவர் மனக்கணக்கில் மாற்றி மாற்றிப் போல்ட் நட்டார். ஏழாவது தூணைத் தூக்கி இறக்குகிறார்கள், அடித்தட்டு போல்ட்டின் தலையில் உட்கார்ந்துகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்கிறது. "மூணு நூல்தானே சார் தள்ளியிருக்கு" என்றார். அங்குலத்துக்கு எட்டு நூல் என்றால் மூன்று நூல் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர். தட்டின் ஓட்டையோ போல்ட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நான் ஒரு வேலையாகப் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் தூண் நிறுத்த வந்த குழு கேஸ் கட்டரை எடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி, நட்டை முறுக்கி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலமாகக் காற்றடித்துக் கூரையை மேலே இழுக்கும்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் கழற்றி, புதிதாகத் துளை போட்டு, பசை ஊற்றி நடுகிற கெமிக்கல் ஆங்கர் போல்ட் வைத்து... நாலு நாள் போச்சு. இதில் பாதித் தப்பு என்னுடையது. பிளைவுட்டில் நாலு ஓட்டை போட்டு ஒரு டெம்ப்ளேட் அடித்து அவர் கையில் கொடுத்திருந்தால், அவர் எந்த டேப்பில் அளந்தாலும் போல்ட் இடம் மாறியிருக்காது.

அதனால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் முதலில் மில்லிமீட்டரில் யோசிப்பது. ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். இனிமேல் ஒரு நூலுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஆட்டோ லெவல் என்கிற, கண்ணாடி வழியாக மட்டம் பார்க்கும் கருவியைப் படிப்பது. டியூப் மட்டம் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு இதில் புதுத் தத்துவம் எதுவும் இல்லை, கண்ணாடிக்குள் தெரிகிற ஸ்டாஃப் (நிறுத்திப் பிடிக்கிற அளவுகோல்) எண்ணை வாசித்துக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் யாராவது ஒரு சர்வேயரோடு ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நின்றால் வந்துவிடும். மூலை மட்டத்துக்கு நீங்கள் பார்க்கிற மூணு நாலு அஞ்சு கணக்கு (ஒரு பக்கம் மூணு, மறுபக்கம் நாலு என்றால் குறுக்கே அஞ்சு) அப்படியே செல்லும், கூடவே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அப்புறம் கிரவுட். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் உயிர் இருக்கிற இடம் இதுதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலும், தூணின் அடித்தட்டுக்குக் கீழேயும் இருக்கிற இடைவெளியை நிரப்ப, சுருங்காத கிரவுட் என்று மூட்டையில் வரும். எவ்வளவு தண்ணீர் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். நம் ஆட்கள் அதைப் படிக்க மாட்டார்கள். கை பதத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். அதிகத் தண்ணீர் மேலே மிதந்து, கீழே பொடி தங்கி, காய்ந்ததும் தட்டுக்குக் கீழே ஒரு வெற்றிடம் நிற்கும். தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும், பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் கோடு போட்டு வைத்துக்கொண்டால்கூடப் போதும். ஊற்றுவதற்கு முன் அடிக் காங்கிரீட்டை நனைத்து ஊற வைத்து, தேங்கின தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து ஊற்றி, எதிர்ப்பக்கம் வழிந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஊற்றினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்கிற கொத்தனாருக்கு இனிமேல் வேலை இல்லை என்ற பேச்சே வராது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒரே மாதத்தில் வகுப்பறை எழும்பிவிடும் என்கிறார்கள். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கின கட்டடம் நிற்குமா? நான் படித்தது பத்தாவதுதான். எதைப் பார்த்து நம்புவது? (அரூர்)

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமான பயம். குஜராத்தில் நடந்ததைக் கேளுங்கள். கட்ச் பகுதியில் 2001 ஜனவரி 26ஆம் தேதி காலை ஏழரைக்கு மேல் அளவுள்ள பெரிய பூகம்பம். அதற்குச் சற்று முன்புதான் அந்த மாநிலத்துக் கிராமங்களில் பிரீகாஸ்ட் பாகங்களை வைத்து ஓரடுக்குத் தொடக்கப் பள்ளிகள் நிறையக் கட்டியிருந்தார்கள். அவற்றில் பல பள்ளிகளின் கூரைப் பலகைகள் சரிந்து விழுந்தன. போய்ப் பார்த்த பொறியாளர்கள் சொன்ன முக்கியக் காரணம் பலகையின் பலம் இல்லை. கூரைப் பலகைகளை ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்கவில்லை, அவை உட்கார்ந்திருந்த இடத்தோடும் சரியாகக் கட்டவில்லை. ஆட்டம் வந்தபோது ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடி நழுவியது. குடியரசு தினமாக இல்லாமல் சாதாரணப் பள்ளி நாளாக இருந்திருந்தால்... விடுங்கள்.

லண்டனிலும் இதே கதை உண்டு. ரோனன் பாயின்ட் என்று 22 மாடி பிரீகாஸ்ட் குடியிருப்பு. 1968 மே மாதம் ஒரு வீட்டில் கேஸ் வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நாலு பேர் இறந்தார்கள். பிற்பாடு 1986ல் அதை மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோது, கலவை அடைத்திருக்க வேண்டிய மூட்டுகளில் சிலவற்றில் பழைய செய்தித்தாள் இருந்தது. வரைபடம் போட்டவர் அதை எழுதியிருக்க மாட்டார். பசியோ அவசரமோ, அன்றைக்கு வேலை முடிக்க வேண்டும் என்று ஒருவர் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார், மேலே பூசினதும் யாருக்கும் தெரியவில்லை.

இதனால் பிரீகாஸ்ட்டே வேண்டாம் என்று ஆகாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அது பிரீகாஸ்ட் இல்லை. எந்த முறையில் கட்டினாலும் மறைகிற இடத்தை மறைவதற்கு முன் ஒரு கண் பார்க்க வேண்டும்.

அந்தக் கண் உங்களுடையதாக இருக்கலாம், பத்தாவது தாராளமாகப் போதும். கூரைப் பலகை ஏற்றுகிற அன்றும், மூட்டு அடைக்கிற அன்றும் போய் நில்லுங்கள். பலகையின் முனை சுவர் மேல் எவ்வளவு உட்கார வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கும். அந்த ஒரு எண்ணை முன்கூட்டியே கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பலகைகளிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிகள் பக்கத்துப் பலகையின் கம்பியோடு சேர்கிறதா, அல்லது வழியை மறைக்கிறது என்று வளைத்தோ அறுத்தோ விட்டார்களா என்று பாருங்கள். அறுத்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு மூட்டையும் அடைப்பதற்கு முன் ஒன்று, அடைத்த பின் ஒன்று என்று போனில் படம் எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். படம் எடுக்க ஒரு அம்மா நிற்கிறார் என்றால் செய்தித்தாள் அடைக்கிற கை தானாகவே கலவைச் சட்டிக்குப் போகும். "இந்திய தரநிலை 15916 பார்த்துத்தானே செய்கிறீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டும் வையுங்கள். பிரீகாஸ்ட் கட்டடம் நிறுத்துவதற்கான விதிமுறை அது. அந்த எண்ணைச் சொன்னதுமே பேச்சில் ஒரு மரியாதை வரும், நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிரீகாஸ்ட் வகுப்பறை வெயிலில் அடுப்பு மாதிரி இருக்குமாமே? (திருவெறும்பூர்)

பதில்: காங்கிரீட் பலகை என்றால் உங்கள் பழைய காங்கிரீட் கூரை எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவுதான். நடுவில் ஃபோம் வைக்காத வெறும் தகரக் கூரை என்றால் ஆமாம், அடுப்புதான்.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஒன்பது கொண்டை ஊசி வளைவு. டிரெய்லரும் வராது, கிரேனும் வராது. அப்படியானால் நாங்கள் பழையபடிதான் கட்டிக்கொள்ள வேண்டுமா? (கொல்லிமலைச் சரிவு)

பதில்: தொழிற்சாலை உங்கள் ஊருக்கு வந்தால் போதுமே. ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் பல பத்து வருஷத்துக்கு முன்பே பரப்பின முறை ஒன்று உண்டு. பிளாங்க் அண்ட் ஜாயிஸ்ட் என்று சொல்வார்கள், இதற்கே தனியாக இந்திய தரநிலை 13994 இருக்கிறது. பள்ளி வளாகத்திலேயே தரையைச் சமப்படுத்தி, ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாத, ஒரு அடி அகலக் காங்கிரீட் பலகைகளை வார்ப்பார்கள். ஒன்று ஐம்பத்தைந்து, அறுபது கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஜாயிஸ்ட் என்கிற குட்டி உத்திரங்களை வரிசையாக வைத்து அதன் மேல் பலகைகளைப் பரப்பி, சந்துகளில் காங்கிரீட் நிரப்பினால் கூரை. சென்டரிங் பலகை அடிக்கிற செலவு போய்விடும். ஜாயிஸ்ட்தான் கனம். ஆறு அங்குலச் சதுரத்தில் பன்னிரண்டடி நீளம் என்றாலே 200 கிலோ, வகுப்பறை அகலத்துக்கு ஆழமும் கூடும் எடையும் கூடும். மூன்று கால் சட்டத்தில் செயின் பிளாக் என்கிற சங்கிலித் தூக்கியை மாட்டி ஏற்ற வேண்டும்.

இதில் கெடுக்கிற இடம் இரண்டு. பலகைக்குக் கம்பி அடிப்பக்கம்தான் இருக்கும், தலைகீழாக வைத்தால் மேலே ஆள் ஏறினதும் விரிசல் விடும். வார்த்த மறுநாளே மேல்பக்கத்தில் பெயிண்டில் "மேல்" என்று எழுதிவிடுங்கள். அடுத்தது அடுக்குகிற விதம். பலகைகளை அடுக்கும்போது இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில் கட்டை வைத்து, மேலே மேலே வருகிற கட்டையும் நேர்கோட்டில் வர வேண்டும். ஒரு இடத்தில் நடுவில் ஒரே ஒரு கட்டை வைத்து அடுக்கியிருந்தார்கள், இருபது பலகை நடுவோடு விரிந்து போயிருந்தது. வார்த்தவரைக் கேட்டால் அடுக்கினவரைக் காட்டினார், அடுக்கினவர் அன்றைக்கு வரவில்லை.

மெக்சிகோக்காரர்கள் இதை வேறு மாதிரி செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் என்ற கட்டடக் கலைஞர் 1950களின் கடைசியில் கிராமப் பள்ளிக்கு ஒரு தொகுப்பு தயாரித்தார். இரும்புச் சட்டமும் கூரையும் மேசை நாற்காலியும் தொழிற்சாலையிலிருந்து வரும், ஆசிரியர் தங்குகிற வீடும் கூடவே சேர்ந்தது. சுவரை மட்டும் ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில், அந்த ஊர்க் கல்லிலோ செங்கல்லிலோ எழுப்பிக்கொள்வார்கள். 1960ல் மிலான் நகரத்து திரியென்னாலே கண்காட்சியில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. எந்த வேலைக்கு வெளியூர் ஆள் தேவை, எந்த வேலையை ஊரிடமே விட்டுவிடலாம் என்று யோசித்துப் பிரித்தார் பாருங்கள், கெட்டிக்காரத்தனம் அங்கே இருக்கிறது. உங்கள் மலைக்கும் அந்தப் பிரிவினை பொருந்தும்.

கேள்வி: சின்ன ஒப்பந்ததாரர். முதல் தடவையாக பிரீகாஸ்ட் சுவர்ப் பலகை இறக்கப் போகிறேன். வாடகைக்கு 12 டன் ஹைட்ரா கிரேன் பேசியிருக்கிறேன். பலகை மூன்று டன்தான். பிரச்சினை இருக்காதே? (பல்லடம்)

பதில்: இருக்கலாம். பத்தடிக்கு ஒன்பதடி, ஆறு அங்குலக் கனம் என்றால் மூன்று டன் என்ற உங்கள் கணக்கு சரிதான். ஆனால் 12 டன் என்று வண்டியில் எழுதியிருப்பது பொருள் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும்போது. கையை நீட்ட நீட்டத் தூக்கும் சக்தி சரசரவென்று குறையும். வண்டியிலேயே ஒரு அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும், எத்தனை மீட்டர் தூரத்தில் எத்தனை டன் என்று. அட்டவணை கிழிந்துபோச்சு என்று சொல்கிற டிரைவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பலகையைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிற பெல்ட் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பெல்ட் போட்டுவிட்டால் ஆளுக்குப் பாதி எடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெல்ட் செங்குத்தாக இருந்தால்தான் அது உண்மை. படுக்கையிலிருந்து 60 டிகிரியில் இருந்தால் மூன்று டன் பலகைக்கு ஒவ்வொரு பெல்ட்டும் ஒன்றேமுக்கால் டன் இழுக்கும். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு மூன்று டன். அதே பலகை, அதே இரண்டு பெல்ட். நீளம் குறைந்த பெல்ட்டைக் கொண்டு வந்து "இதுவே போதும்" என்று மாட்டுகிறவர் இந்த வித்தியாசத்தை அறியாமல்தான் மாட்டுகிறார்.

உங்கள் ஆட்களில் ஒருவரை மட்டும் சைகை கொடுக்கிறவராக வையுங்கள். நாலு பேர் நாலு திசையில் கை காட்டினால் டிரைவர் யாரைப் பார்ப்பார்? பலகையின் இரண்டு மூலையிலும் கயிறு கட்டித் தூரத்தில் நின்று பிடிக்கட்டும், தொங்குகிற பலகையைக் கையால் தள்ளிச் சரிசெய்கிற பழக்கம் நம் ஊரில் மிக மோசம். அப்புறம், சாய்வு முட்டு இரண்டும் போட்டு முறுக்கி முடிக்கும் வரை கொக்கியைக் கழற்ற விடாதீர்கள். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறதே என்று உங்களுக்குத்தான் முதலில் அவசரம் வரும்.

கேள்வி: பன்னிரண்டு வருஷமாகச் சித்தாள். கல்லும் கலவையும் சுமந்து கழுத்து போய்விட்டது. பக்கத்தில் பிரீகாஸ்ட் வார்க்கிற இடம் வந்திருக்கிறது. பெண்களுக்கு அங்கே சுமக்கிற வேலை தவிர எதுவும் தருவார்களா? (மதுராந்தகம்)

பதில்: தர வேண்டும் அம்மா, கேட்டால் தருவார்கள் என்றும் நம்புகிறேன். நம் ஊரில் ஒரு ஆண் சித்தாளாக வந்தால் நாலைந்து வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறார், பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். கரண்டி பிடிக்கத் தெரியாததால் இல்லை, யாரும் கையில் கொடுக்காததால். வார்க்கிற இடத்தில் அந்தப் பழைய வரிசை இன்னும் இறுகவில்லை, அதுதான் சாதகம்.

நீங்கள் குறிவைக்க வேண்டியது: அச்சைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவுவது, கம்பிக் கூடு கட்டுவது, கம்பி அச்சில் ஒட்டாமலிருக்கக் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டை வைப்பது, வார்ப்பதற்கு முன் சரிபார்க்கிற ஆளாக இருப்பது. இந்தக் கடைசி வேலைக்குத் தேவை பொறுமையும் வரைபடம் படிக்கத் தெரிவதும். கம்பிக்கும் அச்சுக்கும் நடுவில் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா, போல்ட் வரும் இடத்தில் குழாய் வைத்திருக்கிறதா, ஒயர் போகிற பைப் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். ஒன்றை மறந்து வார்த்துவிட்டால் அப்புறம் டிரில்தான். பன்னிரண்டு வருஷமாகக் கலவை பார்த்த கண்ணுக்குக் காங்கிரீட் இளகலா கெட்டியா என்று கூம்பு வைத்துச் சோதிக்காமலே தெரியும், ஆனாலும் கூம்பு வைத்துச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை அதுதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா? இருந்தால் புதுப்பிக்க மறக்காதீர்கள், வார்ப்பிடத்துக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஐ.டி.ஐ. வெல்டர் இரண்டாவது பேட்ச்சில் இருக்கிறேன். இந்தத் துறைக்கு வரலாமா அண்ணா? (நாங்குநேரி)

பதில்: வா தம்பி. வெல்டிங்கோடு வரைபடம் படிக்கக் கற்றுக்கொள். போல்ட்டை அளவோடு முறுக்குகிற டார்க் ரெஞ்ச் பிடிக்கக் கற்றுக்கொள், இரும்புச் சட்டக் கட்டடத்தில் சைட்டில் வெல்டிங்கைவிடப் போல்ட் வேலைதான் அதிகம். உயரத்தில் வேலை செய்ய பெல்ட் கொக்கி மாட்டாமல் ஏறச் சொல்கிற இடத்தில் சேராதே.

கேள்வி: தலைமை ஆசிரியர். மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்த தயார்நிலைக் கட்டடம். இப்போது ஒழுகுகிறது. கட்டியவர்கள் வெளிமாநிலக் குழு, போன் எடுப்பதில்லை. உள்ளூர்க் கொத்தனார் "இது நமக்குத் தெரியாத கட்டடம்" என்கிறார். (வேதாரண்யம்)

பதில்: ஒழுகல் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. தகரக் கூரை என்றால் முதலில் ஸ்குரூக்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் கீழே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். டிரில்லை அழுத்திப் பிடித்து அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் வாஷர் பிதுங்கி, வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். சாய்வாக இறங்கின ஸ்குரூவும் ஒழுகும். இவற்றை மாற்ற உள்ளூர் ஆள் ஒருவர், ஒரு நாள். ஆனால் உங்கள் கடற்கரையில் துருவையும் சேர்த்துப் பாருங்கள், தூண்களைப் பிடித்திருக்கிற ஆங்கர் போல்ட்டின் அடிப்பக்கம் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் ஊர்ப் பக்கம்தானே கரையேறியது. எடை குறைந்த கட்டடத்துக்குப் பயம் கீழே விழுவதில் இல்லை, மேலே கிளம்பிப் போவதில்தான். அதைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் போல்ட்தான்.

காங்கிரீட் பலகை என்றால் மூட்டில் அடைத்த சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கிற பசை) காய்ந்து பிரிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும், மேலே சிமென்ட் பூசினால் அடுத்த வெயிலுக்கே வெடிக்கும்.

உங்கள் கேள்வியில் இருக்கிற உண்மையான கோளாறு ஒழுகலில்லை, ஊரில் யாருக்கும் அந்தக் கட்டடத்தைத் தெரியாது என்பதுதான். கட்டும்போது இரண்டு உள்ளூர் ஆட்களைக் கூடவே வைத்திருந்தால் இன்றைக்கு அந்தக் கொத்தனார் இப்படிக் கையை விரித்திருக்க மாட்டார். அலுவலகத்தில் வரைபடப் பிரதி கேட்டு வாங்கி பீரோவில் வையுங்கள். ஃபேன் மாட்ட, ஸ்மார்ட் போர்டு மாட்ட, ஒயர் இழுக்க வருகிற எலக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டாமல் பலகையில் காடி வெட்ட விடாதீர்கள். அவர் கட்டரைப் போட்டால் செங்கல் சுவரில் செங்கல் போகும், பலகையில் கம்பி போகும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஓவர்சியர். திறன் பயிற்சி என்று ஒரு ஹாலில் மூன்று நாள் உட்காரவைத்து, டீ பிஸ்கட் கொடுத்து, நாலாம் நாள் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை வைத்து ஒருவன் பலகை நிறுத்திவிடுவானா? (புதுக்கோட்டை)

பதில்: மாட்டான். ஆனால் அந்தச் சான்றிதழை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். ஏற்கெனவே வேலை தெரிந்தவரின் திறமையைச் சோதித்துச் சான்று கொடுப்பது என்ற ஒரு வகை பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது, அது இருபது வருஷக் கொத்தனாருக்கு நியாயமான ஏற்பாடு. காகிதம் இல்லாததால் வெளியூரில் பாதிக் கூலிக்கு நிற்கிறவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். புதிதாக ஒன்றைக் கற்பதற்குத்தான் ஹால் உதவாது.

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை பிரீகாஸ்ட் முறையில் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். கட்டிக்கொண்டிருந்தபோதே அந்த சைட்டைப் பாடசாலையாக்கி, மாணவர்களும் பொறியாளர்களும் வந்து பார்த்துப் படிக்க ஏற்பாடு செய்தார்கள், டெக்னோகிராஹி என்று பெயர் வைத்து. நல்ல யோசனை. எனக்கு அதில் ஒரே குறை, பார்க்க அழைத்தது பெரும்பாலும் படித்தவர்களை. கிராமப் பள்ளி கட்டும்போது அதையே கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் செய்யலாம். ஒரு ஒன்றியத்தில் பத்து வகுப்பறை வருகிறது என்றால், முதல் வகுப்பறையை வேகமாகக் கட்டாதீர்கள். அதை வெளியூர்க் குழு நிறுத்தட்டும், உள்ளூர் ஆட்கள் எட்டுப் பேர் கூட நின்று கை கொடுக்கட்டும். இரண்டாவதை உள்ளூர் ஆட்கள் நிறுத்த, வெளியூர்க்காரர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாவதிலிருந்து அவரவர் பாடு. முதல் கட்டடம் இரண்டு வாரம் தாமதமானால் ஆகட்டும்.

இதில் ஒரு காசு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாம் ஏட்டோடு நின்றுவிடும். கற்றுக்கொள்ள வருகிற நாளுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். கொத்தனார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது, சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு வருகிற நினைப்பு. டெண்டரிலேயே ஒரு வரியாக அதைப் போட்டுவிட்டால், எட்டு பேர், பத்து பன்னிரண்டு நாள், மொத்தச் செலவில் அது ஒரு ஓரத்தில் அடங்கிவிடும். போடுகிறார்களா? நீங்கள் ஓவர்சியராக இருந்தவர், உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: அப்பா கொத்தனார். போன இதழைப் படித்துவிட்டு மில்லிமீட்டர் டேப் வாங்கி வரச் சொன்னார். வாங்கியாச்சு. பழைய அங்குல டேப்பை என்ன செய்வது என்று கேட்கிறார். (தம்மம்பட்டி)

பதில்: வீட்டிலேயே இருக்கட்டும், சைட்டுக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம். இரண்டும் ஒரே பையில் இருந்தால் கை பழைய டேப்பைத்தான் எடுக்கும். புது டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடுகிறதே, பழுது என்று ஆணி அடித்து இறுக்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொக்கித் தகட்டின் தடிமன் அளவுக்கு அது நகர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.